பதினோராவது கிளெய்ம்

பின்யன் வெல்ஸ் ஊரில் ஆகஸ்டு பிறந்தால் இரண்டு காரியம் நடக்கும். கார் கதவைப் பூட்டாமல் விட்டால் யாராவது பின்சீட்டில் சுரைக்காய் ஜாதியில் ஒரு கூடை ஜுக்கினிக் காயைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். வெர்லாவின் சமையலறை மேஜை தாளால் நிறைந்துவிடும். காயைத் தின்ன ஊரில் ஆளில்லை, தாளை எழுத வெர்லாவை விட்டால் ஆளில்லை.

ஊரில் பாதிப்பேர் குன்றுகளில் கிளெய்ம், அதாவது கல் தோண்டும் உரிமை, வைத்திருப்பவர்கள். நிலம் அரசாங்கத்துடையது. நாலு மூலைக்கும் கட்டை நட்டு, நடுக்கட்டையில் ஒரு தகர டப்பாவுக்குள் பேர் எழுதிய தாளை வைத்து, ஆபீசில் பதிந்துவிட்டால் உள்ளே இருக்கும் கல் நட்டவனுடையது. அது அப்படியே நிலைக்க வேண்டுமானால் வருடா வருடம் கிளெய்முக்கு நூற்றைம்பத்தைந்து டாலர் கட்ட வேண்டும். பத்துக்கு மேல் வைத்திராத சின்ன ஆட்களுக்கு மட்டும் ஒரு சலுகை. காசு வேண்டாம், குன்றில் கைவேலை செய்துவிட்டு, செய்தேன் என்று கையெழுத்துப் போட்டு விலக்குத் தாள் கொடுத்தால் போதும். அந்தத் தாள் செப்டம்பர் முதல் தேதிக்குள் ரீனோ ஆபீசுக்குப் போயாக வேண்டும். அன்று நடுப்பகல் பன்னிரண்டு அடித்தால் கிளெய்ம் வருடம் திரும்பும். தாள் போய்ச் சேராத கிளெய்மில் அதற்குப் பிறகு எவன் வேண்டுமானாலும் கட்டை நடலாம்.

முப்பத்தோரு வருடமாக வெர்லா ஊருக்கு இந்தத் தாளை எழுதிக் கொடுக்கிறாள். அவள் எழுதியதில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அரசாங்க முத்திரை வைத்திருக்கும் நோட்டரி வேறு. கூலி வாங்கமாட்டாள். பீச் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் கொண்டுவந்தால் வாங்கி வைத்துக்கொள்வாள், ஜுக்கினி கொண்டுவந்தால் வாசலோடு அனுப்பிவிடுவாள். "என் தாளு திரும்பி வந்துச்சுன்னா அன்னைக்கே இந்த முத்திரையைக் கிணத்துல போட்டுருவேன்" என்பாள். சும்மா சொல்கிற பேச்சில்லை அது. அவளுக்கு அறுபத்தோரு வயது, முழங்கால் போய்விட்டது, பாதிப் பல் கட்டிய பல். போகாமல் இருந்தது இந்தப் பெருமை ஒன்றுதான்.

ஊரில் இன்னொரு நோட்டரியும் இருந்தாள். மோட்டல் வைத்திருக்கும் லவெல். இரண்டு பேருக்கும் ஆகாது. எதனால் ஆகாது என்பது இருவருக்குமே மறந்துவிட்டது. ஆனால் தன் கையெழுத்துக்குத் தானே முத்திரை வைக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறதே! அதனால் ஆகஸ்டு கடைசியில் லவெல் தன் தாளை எடுத்துக்கொண்டு வெர்லாவிடம் வருவாள், வெர்லா தன் தாளை எடுத்துக்கொண்டு லவெலிடம் போவாள்.

அந்த வருடமும் இருபத்தேழாம் தேதி மத்தியானம் லவெல் வந்தாள். வெளியே இடிமேகம் கட்டியிருந்தது, மழை மட்டும் மலைக்கு அந்தப் பக்கம். வறண்ட சேஜ் புதர் வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

"அடையாள அட்டையைக் காட்டு" என்றாள் வெர்லா.

"நாப்பது வருஷமா பக்கத்துத் தெருவுல இருக்கேன். இன்னும் என்னைத் தெரியலியா உனக்கு?"

"தெரியும். சட்டத்துக்குத் தெரியாதே. காட்டு."

லவெல் முனகிக்கொண்டே ஓட்டுநர் உரிமத்தை மேஜையில் வீசினாள். வெர்லா எண்ணைப் பதிந்து முத்திரை குத்தும்வரை சும்மா இருக்கமுடியாமல், பக்கத்தில் அடுக்கியிருந்த தாள்களில் மேலாக இருந்ததை எடுத்துப் பார்த்தாள். அது வெர்லாவின் சொந்த விலக்குத் தாள்.

"'காட்டு முயல்' கிளெய்ம் ஒண்ணுலேருந்து ஏழு. சரி. ஓரினோட நாலு எங்க?"

"அது அவரு தாள்ல. தனி."

"தனியா?" லவெல் கண்ணாடியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தாள். "மே மாசம் உங்க கல்யாணத்தன்னைக்கு என் மோட்டல் வாசல்ல நின்னு உங்க ரெண்டு பேரு தலைமேலயும் ஒரு பொட்டலம் அரிசியை வாரி எறிஞ்சேனே. அதுல என்னடி தனி?"

வெர்லா முத்திரையைக் கையில் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏழும் நாலும் எத்தனை?" என்றாள் லவெல். பழகிய எதிரிக்கு இப்படியொரு மத்தியானம் ஆயுளில் ஒருமுறைதான் கிடைக்கும். "புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரோடதையும் சேத்து எண்ணணும்னு போன வாரம் புதுசா கட்டிக்கிட்டு வந்த அந்தச் சின்னஞ்சிறுசுங்களுக்கு நீதானே பாடம் நடத்துன? ஊருக்குத்தான் உபதேசமா?"

ஐயோ, உண்மைதான். முப்பது வருடம் முதல் புருஷன் ஹாலிஸ் பேரும் அவள் பேரும் ஒரே தாளில் இருந்தன, ஏழு ஏழாகவே இருந்தது. ஹாலிஸ் இறந்தபின்னும் ஏழுதான். கை பழகிய எண்ணை எழுதியதே தவிர, ஓரினைக் கட்டிக்கொண்டபோது அவனோடு அவன் நாலு கிளெய்மும் சேர்ந்து வீட்டுக்குள் வந்ததை மனசு எண்ணவில்லை. பதினொன்று. பத்துக்கு ஒன்று கூடினாலும் சலுகை கிடையாது. கூடின ஒன்றுக்கு மட்டும் கட்டிவிட்டுத் தப்பவும் முடியாது, பதினொன்றுக்கும் கட்ட வேண்டும். பத்துதான் என்று பொய் எழுதினால் பதினொன்றும் போகும்.

"நன்றி லவெல்" என்றாள் வெர்லா. அந்த இரண்டு சொல்லைச் சொல்ல அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"பரவால்ல விடு. யானைக்கும் அடி சறுக்கும்" என்று சொல்லிவிட்டு லவெல் எழுந்தாள். போகும்போது வாசலில் நின்று, "கெடு தப்பின கிளெய்மைத் தேடி அலையற கம்பெனிக்காரன், அந்த வெள்ளை வண்டிக்காரன், என் மோட்டல்லதான் தங்கியிருக்கான். வண்டி பூரா கட்டையா அடுக்கி வச்சிருக்கான். சொல்லணும்னு தோணுச்சு" என்றாள்.

ஓரின் கொல்லையில் கம்ப்ரசரின் ரப்பர் குழாயைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு பேர் சேமிப்பும் சேர்ந்துதான் அந்தக் கம்ப்ரசர் ஆகியிருந்தது. பதினொன்றுக்கும் கட்டும் யோசனையே அதனால் எழவில்லை. வெர்லா விஷயத்தைச் சொன்னாள். ஓரின் நிதானமான ஆள். குழாயின் மூக்கைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் பேசினான்.

"இதுக்கா மூஞ்சியை இப்படி வச்சிருக்க? என்னோடதுல ஒண்ணை விட்டுரலாம்."

"எதை விடுவ? உன் நாலுலதான் லாரி நிக்கற தரை இருக்கு, தண்ணித் தொட்டி இருக்கு, ரோடு இருக்கு. எதை விட்டாலும் மேல ஏற வழி கிடையாது."

"அப்ப உன் ஏழாம் நம்பரு? அங்க காத்தைத் தவிர என்ன கிடைக்குது?"

"அது உச்சி. அங்க அந்தக் கம்பெனிக்காரன் வந்து உக்காந்தான்னா அவன் தோண்டற மண்ணு பூரா நம்ம தலைமேலதான் விழும். ஹாலிஸ் முப்பது வருஷம் அந்த மேட்டுல குழி வெட்டினது கல்லுக்கா? வேற எவனும் வரக்கூடாதுன்னுதான்."

"சரி, என்னோட 'ஆறிப்போன சோறு' ரெண்டாம் நம்பர்—"

"விடமாட்டேன். வெர்லாவைக் கட்டிக்கிட்டு ஓரினோட குன்று சுருங்கிப்போச்சுன்னு ஊர்ல பேச விடமாட்டேன்."

"உன்னோடது சுருங்கலாமா? அதை மட்டும் நான் பேச விடுவனா?"

இருவரும் முறைத்துக்கொண்டார்கள். ஓரினின் முதல் மனைவி, ராத்திரி எட்டு மணிக்கும் குன்றைவிட்டு இறங்காதவனைத் திட்டித் திட்டி வைத்த பேர்தான் 'ஆறிப்போன சோறு'. அந்தப் பேரையே அரசாங்கத்தில் பதிந்துவைத்தவன் அவன்.

"வேற ஒரு வழி இருக்கு" என்றான் ஓரின். "விவாகரத்து. லவெல் முத்திரை போடுவா, சந்தோஷமா."

வெர்லா கையிலிருந்த துணியை அவன்மேல் எறிந்தாள். அது கம்ப்ரசர்மேல் விழுந்தது. அதை எடுத்து மடித்துக்கொண்டே ஓரின் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"ட்ரூடி பேர்ல ஒண்ணு எழுதிரு. அவ தனி ஆளு, தனி வீடு. சட்டம் அவளை நம்மளோட சேத்து எண்ணாது. பேருக்குத்தானே. வேலையெல்லாம் நாமளே பாத்துக்கலாம்."

ட்ரூடி வெர்லாவின் ஒரே மகள். ஹாலிஸ் போய்ப் பதினாலாவது மாதம் அம்மா மறுமணம் செய்துகொண்டதிலிருந்து வீட்டுப்படி ஏறவில்லை. சின்னதிலிருந்து 'ஓரின் மாமா, ஓரின் மாமா' என்று அவன் வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு அவனை எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. தெருவில் பார்த்தால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான்.

"பேருக்குப் பேரு எழுதற வேலை என் கையால நடக்காது" என்றாள் வெர்லா. "அவ பேரை எழுதினா அது அவளோடது. நாளைக்கு அவ என்னை வெளிய போன்னா நான் போகணும். அப்படி எழுதறதா இருந்தா எழுதறேன்."

"போகச் சொல்லுவாளா?"

"என் பொண்ணு. சொல்லுவா."

மறுநாள் காலை வெர்லா பள்ளிக்கூட பஸ் கொட்டகைக்குப் போனாள். ட்ரூடிக்குப் பஸ் ஓட்டுகிற வேலை. ஒரு நாளைக்கு நூற்றிருபது மைல், அதில் ஏறுகிற பிள்ளைகள் பதினெட்டு. பனியிலும் புழுதிப்புயலிலும் பத்து வருடமாக ஒரு நாள்கூட நேரம் தப்பியதில்லை என்று ஊரில் பேர். சக்கரம் வைத்த பலகையில் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் பூட்ஸைப் பார்த்தும் வெளியே வரவில்லை. வெர்லா பஸ்ஸின் வயிற்றைப் பார்த்தே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"ஓ. கணக்கு உதைக்குதுன்னதும் பொண்ணு ஞாபகம் வந்துச்சாக்கும்" என்றது பஸ்ஸின் அடியிலிருந்து ஒரு குரல்.

"ஆமா. பொய் சொல்ல வரல."

"எந்த நம்பர்? ஏழா? அந்தக் காத்தடிக்கற மேடா?"

"மூணு."

கிரீஸ் துப்பாக்கியின் சத்தம் நின்றது. மூன்றாம் நம்பரில்தான் நீலம் இருந்தது. டர்க்காய்ஸ் என்று நகைக்கடைக்காரன் சொல்லும் கல்லுக்கு அந்த ஊரில் பேர் வெறும் நீலம். மற்ற கிளெய்ம்களில் அது பொட்டுப்பொட்டாகக் கிடைக்கும். மூன்றில் மட்டும் பழுப்புப் பாறைக்கு நடுவே விரல் தடிமனுக்கு நரம்பாக ஓடியது. எட்டு வயதில் ட்ரூடி வாளியில் கல் சுமந்த இடம் அது.

அவள் தேய்ந்த பலகையோடு உருண்டு வெளியே வந்து எழுந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் கிரீஸ்.

"பைத்தியமா உனக்கு? அதுதானே உனக்குச் சோறு போடுது?"

"குடுக்கறப்ப ஒதுக்கித் தள்ளினதையா குடுக்கறது? நல்லதைத்தான் குடுப்பேன்."

"எனக்கு ஓசியா ஒண்ணும் வேணாம்."

"தெரியும். நீ வேற எப்படி இருப்ப."

ட்ரூடி கையைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்கக் கோபம்தான் வந்தது அவளுக்கு. "பதினாலு மாசம்மா. அப்பாவோட கோட்டு இன்னும் ஆணியில தொங்குது. அந்த ஆணிக்குப் பக்கத்துல இன்னொருத்தரு தொப்பி."

வெர்லா அழுகிற ஆள் இல்லை, அன்றும் அழவில்லை. ஆனால் குரல் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

"உங்கப்பன் மூச்சுவிட முடியாமக் கெடந்த ஒம்பது மாசமும் ராத்திரி அவரைத் தூக்கி உக்கார வச்சது யாருன்னு உனக்குத் தெரியும். ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் ஓரின். அழுது முடிக்கறதுக்கு எந்த ஆபீசுலயாவது கெடு தேதி போட்டுத் தாளு குடுக்கறானா? குடுத்தா நானே எழுதி ஒப்படைச்சிருப்பேன். அந்தக் கோட்டை நான் எடுக்கல. ஓரினும் எடுக்கச் சொல்லல. ஓரினுக்கும் அதைத் தினம் பாக்கணும்."

ட்ரூடி கிரீஸ் துப்பாக்கியை எடுத்துப் பஸ்ஸின் படியில் வைத்தாள்.

"இந்த வருஷம் மூணாம் நம்பர்ல வேலை யாரு செஞ்சது?" என்றாள்.

"நானும் அவரும்."

"அப்ப நான் ஒரு நாளாவது செய்யாம கையெழுத்துப் போடமாட்டேன். வேலை செய்யாம செஞ்சேன்னு எழுதறவங்களை நீ எப்படித் திட்டுவன்னு கேட்டு வளந்தவ நான். ஞாயித்துக்கிழமை வரேன். உங்க வண்டியில இல்ல, என் வண்டியில."

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மூவரும் குன்றில் இருந்தார்கள். இரவு நல்ல மழை. ரோட்டில் ஓர் இடத்தில் மண் அரித்துப் பள்ளமாகிக் கிடந்தது. அதைக் கல் போட்டு நிரப்பவே ஒரு மணி நேரம் ஆனது. ரோட்டு வேலையும் சட்டப்படி கிளெய்ம் வேலைதான், அதனால் யாரும் முனகவில்லை. பிறகு ட்ரூடி மூன்றாம் நம்பர் வெட்டுக்குள் இறங்கினாள். புதுக் கம்ப்ரசர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உளியும் சுத்தியலும்தான். நரம்பின் பக்கத்தில் மெஷினை வைத்தால் நீலம் நொறுங்கிப் பொடியாகிவிடும் என்பது அவளுக்குப் பாலோடு ஊட்டிய பாடம். பாறையை மேலிருந்து பிளந்து, நரம்பைச் சுற்றி விரலால் மண்ணை விலக்கி, கடைசித் தட்டு மட்டும் மணிக்கட்டால் தட்டவேண்டும். பத்து வருடம் ஸ்டியரிங் பிடித்த கை அதை மறக்கவில்லை. வெர்லா வெட்டின் விளிம்பில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். திறக்காமல் இருப்பது பெரும்பாடாக இருந்தது. அவ்வளவு பெருமை.

ஓரின் தூரத்தில் நின்று, அவள் வீசிய வெற்றுக்கல்லை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டினான். எழுபது வயது ஆள். ஒரு பேச்சில்லை. இருபது நடை, முப்பது நடை. மத்தியானம் ட்ரூடியே பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"அம்மா, அவரை உக்காரச் சொல்லேன். முகமெல்லாம் செவந்து கெடக்கு."

"நீயே சொல்லு. நாலடியிலதான் நிக்கறாரு."

"ஏன், அவருக்குக் காது கேக்காதா?"

"கேக்குது" என்றான் ஓரின். "பேரு சொல்லிக் கூப்பிட்டா உக்காரலாம்னு இருக்கேன்."

ட்ரூடி பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆனால் ரொட்டித்துண்டுகளுக்கு நடுவே இறைச்சியும் ஊறுகாயும் வைத்துக் கொண்டுவந்திருந்த பொட்டலத்தைப் பிரித்தபோது அதில் மூன்று இருந்தன. மூன்றாவதை எடுத்து ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஓரின் வந்து எடுத்துக்கொண்டான். குளிர்ந்த தேநீரைக் குடுவையிலிருந்து மாற்றி மாற்றிக் குடித்தார்கள். கீழே உப்புப் படுகை வெள்ளையாக விரிந்து கிடக்க, அதன்மேல் ஒரு வண்டியின் புழுதி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"வெள்ளை வண்டி" என்றாள் வெர்லா.

அந்த வண்டி குன்றடியில் வந்து நின்றது. ஒருவன் இறங்கி, கையில் ஏதோ கருவியை வைத்துக்கொண்டு, நாலு மூலைக் கட்டைகளையும் தூரத்திலிருந்தே பார்த்துக் குறித்துக்கொண்டு போனான். நாற்பது வயதிருக்கும், மரியாதையான ஆள், தொப்பியைத் தொட்டு வணக்கம்கூட வைத்தான். அவன் வேலை அது. அரசாங்கப் பதிவை எடுத்துப் பார்த்திருப்பான், ஏழு ஒரு பேரில், நாலு ஒரு பேரில். மோட்டலில் இரண்டு நாள் இருந்தால் இரண்டு பேரும் ஒரே வீடு என்று தெரியாமலா போகும்!

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அம்மாவும் மகளும் லவெலின் மோட்டல் மேஜைக்கு முன்னால் நின்றார்கள். உரிமை மாற்றும் பத்திரத்தை வெர்லாவே எழுதியிருந்தாள். 'பத்து டாலர் பெற்றுக்கொண்டு' என்பது அந்தப் பத்திரங்களில் வழக்கமாக வரும் வரி. யாரும் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. ட்ரூடி அந்த வரியைப் படித்தாள். சட்டைப்பையிலிருந்து பத்து டாலர் நோட்டை எடுத்து மேஜையில் அறைந்தாள்.

"எடுத்துக்கோ. ஓசின்னு எவளும் பேசக்கூடாது."

"என்னை ஏன்டி பாக்கற?" என்றாள் லவெல். பிறகு வெர்லா பக்கம் திரும்பி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "கையெழுத்துப் போடறவங்க அடையாள அட்டையைக் காட்டுங்க."

"லவெல்."

"சட்டத்துக்கு உங்களைத் தெரியாதுங்களே."

வெர்லா பையைக் கிளறினாள். அட்டை வீட்டில், இன்னொரு பையில். திரும்பப் போய் எடுத்துக்கொண்டு வந்தாள், அந்த முழங்காலோடு. லவெல் அதை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, போட்டோவையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்து, ஒவ்வோர் எண்ணாகப் பதிந்தாள். முத்திரையை மட்டும் ஒரே குத்தில், கோணாமல் குத்தினாள். "நல்ல காரியம் பண்ற" என்றாள், வேறெங்கோ பார்த்தபடி. "எங்கம்மா எனக்கு ஒரு செத்த கடிகாரம்தான் குடுத்தா."

மாவட்டப் பதிவகத்தில் பத்திரத்தைப் பதிந்துவிட்டு, நாலு மணி நேரம் வண்டி ஓட்டி ரீனோ போனார்கள். ஓட்டியது ட்ரூடி; பள்ளிக்கூட பஸ்ஸை அன்று ஒரு நாள் மாற்றாளிடம் ஒப்படைத்திருந்தாள். வழியெல்லாம் அதிகம் பேசவில்லை, ஆனால் பேசாமல் இருந்ததில் முன்பிருந்த உறைப்பு இல்லை. ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் தாள்களைப் பொறுமையாகப் புரட்டினாள்.

"ஆறு... நாலு. கணவன் மனைவி. பத்து. சரியா இருக்கு. இது தனியா ஒண்ணு, மகளோடது." அவள் ட்ரூடியை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க பெத்தவங்க ஆதரவுலயா இருக்கீங்க?"

"முப்பத்தினாலு வயசு எனக்கு" என்றாள் ட்ரூடி. "பள்ளிக்கூட பஸ் ஓட்டறேன். நான் யாரு ஆதரவுலயும் இல்ல. இவங்கதான் இனிமே என் கல்லைப் பாக்க வரணும்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மூன்று தாளிலும் அடுத்தடுத்துத் தேதி முத்திரை விழுந்தது. அந்தச் சத்தத்தை வெர்லா வருடா வருடம் கேட்டிருக்கிறாள். அன்று அது புதிதாகக் கேட்டது.

"பெயர் சரிபாக்கறப்ப பாத்தேன்" என்றாள் ஆபீஸ்காரி. "இந்தக் கையெழுத்துல ஊரு பூராத் தாளும் வருதே, நீங்கதானா அது? உங்க தாளைத்தான் புதுசா வர்ற ஆளுங்களுக்கு மாதிரியா நாங்க காட்டறோம்."

வெர்லா வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு, "கேட்டியா?" என்று மட்டும் மகளிடம் கேட்டாள்.

"கேட்டேன், கேட்டேன். லவெல் இல்லேன்னா அந்தத் தாளு திரும்பியிருக்கும்ங்கறதையும் ஞாபகம் வச்சுக்கோ."

"அதை ஏன் சொல்ற?" என்றாள் வெர்லா. ஆனால் மறுநாள் காலை லவெலுக்கு ஒரு முழு பீச் பையை, வந்ததிலேயே நல்லதை, ஓரினிடம் கொடுத்தனுப்பினாள்.

செப்டம்பர் முதல் தேதி பதினொன்றரைக்கு மூவரும் குன்றின்மேல் இருந்தார்கள். பிள்ளைகளைக் காலையில் இறக்கிவிட்டு ட்ரூடி பஸ்ஸோடே வந்துவிட்டாள். மஞ்சள் பஸ் லாரித்தரையில் நின்றது. குன்றில் அப்படியொரு வண்டி அதற்குமுன் ஏறியதில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. வானத்தில் ஒரு துண்டு மேகமில்லை.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் வெள்ளை வண்டி வந்தது. அந்த ஆள் தோளில் நாலு கட்டையும் கையில் சம்மட்டியுமாக மேலேறி வந்தான். நேராக மூன்றாம் நம்பர் நடுக்கட்டைக்குத்தான் வந்தான். நீலம் எங்கே இருக்கிறது என்பது யாருக்குத் தெரியாது! கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூவரையும் பார்த்து மறுபடி தொப்பியைத் தொட்டான். ஓரினும் தொட்டான். பன்னிரண்டு ஆனது. அவன் கட்டைகளைக் கீழே வைத்துவிட்டு, பழக்கப்படி முதலில் தகர டப்பாவைத் திறந்து உள்ளே ட்ரூடி வைத்திருந்த முத்திரைத் தாளைப் படித்தான்.

ஒருமுறை படித்தான். தேதி முத்திரையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தான். மறுபடி படித்தான்.

"இது யாருங்க, ட்ரூடி?"

"நான்தான்" என்றாள் ட்ரூடி. வெட்டின் விளிம்பில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள். "படிச்சு முடிச்சா மடிச்சு உள்ள வச்சுருங்க. மழையில நனையக்கூடாது."

அவன் மடித்து வைத்தான். மூடியை நன்றாகத் திருகினான். "எண்ணிக்கை பதினொன்னுன்னு நெனச்சேன்" என்றான்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் வெர்லா.

அவன் சிரித்துக்கொண்டே கட்டைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கிப்போனான். வெள்ளை வண்டியின் புழுதி உப்புப் படுகையைத் தாண்டும்வரை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரின் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். வெர்லாவுக்குக் கைகால் பரபரத்தது. புது வருடம் பிறந்தாகிவிட்டது, வேலையைத் தொடங்கவேண்டாமா? முப்பது வருடப் பழக்கத்தில் வாளியை எடுத்துக்கொண்டு மூன்றாம் நம்பர் வெட்டுக்குள் காலை வைத்தாள்.

"நில்லு" என்றாள் ட்ரூடி.

வெர்லா நின்றாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"யாரைக் கேட்டு எறங்கற?"

அரசாங்கத்தைத் தவிர வேறு யாரிடமும் எதற்கும் அனுமதி கேட்டறியாதவள் வெர்லா. ஓரின் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அவள் காலை வெளியே எடுத்தாள். வாளியைக் கீழே வைத்தாள். சட்டையை இழுத்து நேர்செய்துகொண்டாள்.

"மூணாம் நம்பர்க்காரம்மா" என்றாள், குன்று முழுக்கக் கேட்கும்படி. "உங்க எடத்துக்குள்ள நான் வரலாமுங்களா?"

ட்ரூடி ஆப்பிளை மென்று விழுங்கினாள். அவசரமே படவில்லை.

"அடையாள அட்டை இருக்கா?"

"அடிப் பாவி!"

"சட்டத்துக்கு உங்களைத் தெரியாதுங்களே" என்றாள் ட்ரூடி. பிறகு அம்மாவைத் தாண்டி, தள்ளுவண்டியோடு தயங்கி நின்றவனைப் பார்த்துக் கையை அசைத்தாள். "ஓரின் மாமா, நீ வா. உனக்கு அட்டை வேணாம்."

ஓரின் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வெட்டுக்குள் இறங்கினான். வெர்லா விளிம்பில் நின்றபடி, சிரிப்பும் கண்ணீருமாக, பைக்குள் கையை விட்டு நிஜமாகவே அட்டையைத் தேடினாள்.